ஐந்தடிக்கு நாலடி அக்ரிலிக்: அடுக்கடுக்காய் நிறமேற்றி ஒரு பெரிய அரூப ஓவியம்

பெரிய ஓவியம் தீட்ட நினைப்பவர் முதலில் அளக்க வேண்டியது வாசல் நிலையை. திருநெல்வேலி டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில் தார்சாவிலிருந்து (முன்திண்ணை) பட்டாசலுக்கு (உள்கூடம்) போகவே குனிய வேண்டியிருக்கும்; மச்சுப்படியில் ஓர் ஆள்தான் ஏற முடியும். ஐந்தடிக்கு நாலடிச் சட்டத்தைப் படுக்கைவாட்டில் செருகி நிலையைத் தாண்டிவிடலாம். படி திரும்பும் இடத்தில்தான் அது மாட்டிக்கொள்ளும். அட்டைப்பெட்டிகளைப் பிரித்து அதே அளவுக்கு ஒட்டி, தீட்டப்போகும் அறையிலிருந்து தெரு வரைக்கும் ஒருமுறை கொண்டுபோய்ப் பாருங்கள். போகவில்லை என்றால் அளவைக் குறையுங்கள், அல்லது தார்சாவிலேயே வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அளவுக்கு ஒரு காரணம் உண்டு. மணிக்கட்டால் இல்லாமல் தோளால் தூரிகை வீச இடம் கிடைக்கும். ஆனாலும் ஒருவரே தூக்கித் திருப்பி வைக்கலாம். இதைவிடப் பெரிதானால் உதவிக்கு ஆள் தேடவேண்டும்.

பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த பழைய சுவர் காரை பெயர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நீலம் கலந்த சுண்ணாம்பு, அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் காவி என்று ஒவ்வொரு வருஷமும் விளிம்பில் எட்டிப் பார்க்கும். அடுக்கு ஓவியமும் இப்படித்தான். மேலே பூசி மூட யாராலும் முடியும். கீழே இருப்பதில் எதை மூடாமல் விடுவது என்று முடிவு செய்வதே வேலை. இனி வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

எப்போது தொடங்கலாம்

தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை நம் பக்கத்தில் நல்ல காலம். சித்திரை, வைகாசி வெயிலில் தட்டில் பிழிந்த வண்ணம் கலக்கி முடிப்பதற்குள் தோல் கட்டிவிடும். அப்போது வேலை செய்தே ஆகவேண்டும் என்றால் விடியற்காலையில் செய்யுங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஆனி, ஆடியில் மலைக் கணவாய் வழியாக வீசும் காற்று கயத்தாறு, பணகுடி, ராதாபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகளைச் சுற்றவைக்கும். அதே காற்று ஈர வண்ணத்தின்மேல் புழுதியையும் கொண்டுவந்து ஒட்டும். மேற்கு ஜன்னலை அடைத்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வண்ணம் மெதுவாகக் காயும். நிறங்களை ஈரத்திலேயே இழையவிட அது வசதி. வார்னிஷ் மட்டும் அந்த மாதங்களில் வேண்டாம்.

அக்ரிலிக் எப்படிக் காய்கிறது என்று தெரிந்தால் இதெல்லாம் தானாகப் புரியும். நிறமித் தூளும் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களும் நீரில் கலந்து நிற்கும் குழம்பு அது. நீர் ஆவியானதும் துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று இணைந்து படலமாகும். அதன்பின் தண்ணீர் பட்டாலும் கரையாது. அடுக்கு வேலைக்கு இதைவிட வசதி இல்லை: கீழ்ப்படலம் காய்ந்துவிட்டால் மேலே எவ்வளவு ஈரமாகப் பூசினாலும் அது கலங்காது. இன்னொன்று, ஈரத்தில் அந்தக் குழம்பு பால்போல வெளுத்திருக்கும், காய்ந்தால் தெளிந்துவிடும். அதனால் எந்த நிறமும் காய்ந்தபின் ஒரு படி அடர்ந்துதான் தெரியும். கலந்த நிறத்தை ஒரு துண்டு அட்டையில் தீற்றி, காய்ந்தபிறகு பார்த்து முடிவெடுங்கள்.

சட்டமும் துணியும்

சட்டத்துக்குத் தேக்கு தேவையில்லை, நன்றாகக் காய்ந்த மரமாக இருந்தால் போதும். பழைய வீடு இடித்த கட்டைகள் கிடைத்தால் அவையே மேல். அவை வளைய வேண்டியதெல்லாம் எப்போதோ வளைந்து முடிந்திருக்கும். கரையான் துளையும் உள்ளே முறிந்த ஆணியும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். அகலம் இரண்டரை அங்குலம், கனம் ஒன்றரை அங்குலம். நடுவில் குறுக்காக ஒன்று, நெடுக்காக ஒன்று. ஆசாரியிடம் வெறுமனே ‘சட்டம்’ என்று சொன்னால் ஜன்னல் சட்டம் வந்து நிற்கும். விளக்கமாகச் சொல்லுங்கள்.

“அண்ணாச்சி, அஞ்சுக்கு நாலுல ஒரு சட்டம் வேணும். வெளி விளிம்பு உசந்து, உள்பக்கம் சரிஞ்சு வரணும்.”

“கதவுக்கா, கட்டிலுக்கா?”

“துணி இழுத்துக் கட்டதுக்கு. துணி வெளி விளிம்புல மட்டும்தான் தொடணும், உள்ள கட்டையில படக்கூடாது.”

“அப்படிச் சொல்லுங்க. இழைச்சு வச்சிருதேன்.”

அந்தச் சரிவு இல்லாவிட்டால் தூரிகையை அழுத்தும்போது பின்னாலிருக்கும் கட்டையின் விளிம்பு ஓவியத்தில் கோடாக எழும்பிவிடும், எத்தனை அடுக்கு பூசினாலும் போகாது. சட்டம் கைக்கு வந்ததும் மூலைமட்டத்தை நம்பி இருந்துவிடாதீர்கள். மூலைக்கு மூலை நாடா பிடித்துப் பாருங்கள். 60 அங்குலத்துக்கு 48 என்றால் இரண்டு குறுக்களவும் 76.8 அங்குலம் வரவேண்டும். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் சட்டம் கோணல்.

துணி கனமான பருத்தி கேன்வாஸ், சதுர மீட்டருக்கு 300 கிராம் சுற்றி. சங்கரன்கோவில் சேலைத் தறியில் வரும் மெல்லிய துணி இதற்கு ஆகாது. கெட்டியான காடாத்துணி கிடைத்தால் வெந்நீரில் அலசிக் கஞ்சியை எடுத்து, சுருங்கவிட்டு, காயவைத்து வெட்டுங்கள். எல்லாப் பக்கமும் நான்கு அங்குலம் கூடுதலாக விட்டு 68-க்கு 56 அங்குலம். ஒரு பக்கத்தின் நடுவில் ஒரு பின் அடியுங்கள். அடுத்தது எதிர்ப்பக்கத்தின் நடுவில், இழுத்துப் பிடித்து. மற்ற இரு நடுவும் முடிந்தபின், நடுவிலிருந்து மூலையை நோக்கி எதிரெதிராக இரண்டு அங்குலத்துக்கு ஒரு பின். மூலையிலிருந்து தொடங்கினால் சுருக்கம் நடுவில் வந்து சேரும். தட்டினால் உறுமி மாதிரி அதிர வேண்டியதில்லை, தொய்யாமல் இருந்தால் போதும். அடுத்துப் பூசும் ஜெஸ்ஸோ, அதாவது வண்ணம் பிடிக்கத் துணியைத் தயார்செய்யும் வெள்ளைப் பூச்சு, காயும்போது இன்னும் கொஞ்சம் இறுகும்.

வெறும் பருத்தியில் ஈரம் பட்டால் நூலிலுள்ள பழுப்பு மேலே ஏறி, மேலே பூசும் தெளிவான ஜெல்லை (கெட்டியான அக்ரிலிக் பசை) மஞ்சளாக்கும். அதனால் முதலில் அக்ரிலிக் மீடியம், அதாவது நிறமி சேராத அக்ரிலிக் பசை, ஒரு பூச்சு. அது காய்ந்தபின் ஜெஸ்ஸோ மூன்று பூச்சு: முதலாவது சற்று நீர்த்து, இரண்டாவது அதற்குக் குறுக்காக, மூன்றாவது மறுபடி நெடுக்காக. இடையிடையே 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள், மூக்கைக் கட்டிக்கொண்டு. இந்த அளவுத் துணிக்கு மூன்று பூச்சுக்கும் சேர்த்து ஒரு லிட்டர் ஜெஸ்ஸோ, கொஞ்சம் முன்பின் ஆகும்.

சுவர் பிரைமர் போதாதா என்று பலர் கேட்பார்கள். கைபழகும் ஓவியத்துக்கு நீரில் கரையும் அக்ரிலிக் சுவர் பிரைமர் போதும். விற்கவோ பரிசளிக்கவோ தீட்டுவதென்றால் வேண்டாம்: அதில் பசை குறைவு, நிரப்புப் பொடி அதிகம், இழுபடும் துணியில் காலப்போக்கில் வெடிக்கும். எனாமல், எண்ணெய் பிரைமர் இரண்டும் அறவே கூடாது. எண்ணெய்ப் படலத்தின்மேல் அக்ரிலிக் பிடிக்காது, நகத்தால் உரித்தெடுக்கலாம்.

என்னென்ன நிறம் வாங்குவது

கேமல், ஃபெவிக்ரில் இரண்டும் நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும். கலைஞர் தரம், மாணவர் தரம் என்று பார்த்து வாங்குங்கள். மாணவர் தரத்தில் நிறமி குறைவு, மெல்லிய பூச்சில் அது உடனே தெரிந்துவிடும். காசு குறைவென்றால் நிறங்களைக் குறையுங்கள், தரத்தைக் குறைக்காதீர்கள். டைட்டானியம் வெள்ளை அரை லிட்டர், அல்ட்ராமரீன் நீலம், தாலோ நீலம், குவினாக்ரிடோன் மெஜந்தா, நடுத்தர மஞ்சள், மஞ்சள் ஓக்கர், பர்ன்ட் சியன்னா. இவற்றோடு ஒளிபுகும் மெல்லிய பூச்சுக்கான பளபளப்பான கிளேஸிங் மீடியம் அரை லிட்டர். கறுப்பு வேண்டாம், அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் கறுப்பைவிட ஆழமான இருட்டு கிடைக்கும்.

டியூபின் மேல் ஒரு சின்னச் சதுரம் அச்சிட்டிருப்பார்கள். வெற்றுச் சதுரமென்றால் நிறம் ஒளிபுகும், நிரப்பியிருந்தால் மூடும், பாதி நிரப்பியிருந்தால் இடைப்பட்டது. அடுக்கு ஓவியத்துக்கு நிறத்தின் பெயரைவிட இந்தச் சதுரம்தான் முக்கியம். தாலோ நீலமும் மெஜந்தாவும் ஒளிபுகுபவை, கீழே உள்ளதைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் காட்டும். டைட்டானியம் வெள்ளை மூடிவிடும். அது கலந்த எந்த நிறமும் மூடத் தொடங்கும்.

நெல்லைச் சீமையில் ஐந்திணையும் உண்டு என்று பெருமையாகச் சொல்வோம். பொதிகையின் சாம்பல் நீலம், தாமிரபரணிக் கரை வயலின் பச்சை, இட்டமொழி, குதிரைமொழிப் பக்கத்துத் தேரி எனும் செம்மணல் மேட்டின் சிவப்பு, கடற்கரையின் வெளுப்பு. எல்லாவற்றையும் சம அளவில் ஒரே துணியில் இறக்கினால் சுற்றுலாத் துறை விளம்பரப் பலகைதான் மிஞ்சும். ஒரு நிலத்தைத் தேர்ந்தெடுத்து அதன் நிறத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு இடம் கொடுங்கள். மற்றவை அதற்குப் பதில் சொல்லட்டும். தேரியின் சிவப்புக்குக் காரணம் மணல்மேல் படிந்த இரும்பு ஆக்சைடு. பர்ன்ட் சியன்னா, மஞ்சள் ஓக்கர், வாசலில் பூசும் காவி எல்லாம் அதே குடும்பம், வெயில்பட்டு வெளிறாதவை. வண்ணம் வாங்கப் போகுமுன் திருப்புடைமருதூர்க் கோயில் கோபுரத்துக்குள் இருக்கும் சுவரோவியங்களையும் குற்றாலம் சித்திரசபையையும் பார்த்துவிட்டு வருவது நல்லது. எண்ணி நாலைந்து நிறத்தைக் கொண்டு எத்தனை உருவங்களை நிறுத்தியிருக்கிறார்கள் என்பது அங்கே தெரியும்.

கீழே சொல்லும் உதாரணத்துக்குத் தேரியையே எடுத்துக்கொள்கிறேன்: பெரும்பகுதி சிவப்பு, கொஞ்சம் நீலம், ஓர் ஓரத்தில் வெளுப்பு.

அடுக்குகள்

துணியைத் தரையில் கிடத்தித் தொடங்குங்கள். நீர்த்த வண்ணம் வழிந்தோடாது. பாய் விரித்துத் தொடங்காதீர்கள், கோரையின் வரி அழுத்தும்போது மேலே தெரியும். பாலிதீன் தாள் போதும்.

முதலில் தளநிறம். மஞ்சள் ஓக்கரும் சிறிது நடுத்தர மஞ்சளும், பாதி மீடியம் பாதி தண்ணீர் சேர்த்துத் துணி முழுவதும். வெள்ளை எங்கும் தெரியக்கூடாது, பக்கவாட்டு விளிம்புகளிலும்கூட. கடைசியில் ஓர் இடுக்கில் எட்டிப் பார்க்கும் வெள்ளைத் துணி விட்டுப்போனதாகத் தெரியும், மஞ்சள் எட்டிப் பார்த்தால் வெளிச்சமாகத் தெரியும். தண்ணீர் பற்றி இங்கேயே ஒன்று: வண்ணத்தைவிடத் தண்ணீர் அதிகமானால் பசை மெலிந்து படலம் பலவீனமாகும், அதை மீடியம் கொண்டு ஈடுகட்டுங்கள். திசையன்விளை, உவரிப் பக்கம் ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு உண்டு. மெல்லிய அடர்நிறப் பூச்சில் வெள்ளை பூக்கும். குடிநீரையே பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, பெரிய வடிவங்கள். பர்ன்ட் சியன்னாவில் சிறிது மெஜந்தா, மூன்றங்குல நைலான் தூரிகை. மூன்று நான்கு வடிவத்துக்கு மேல் வேண்டாம், அளவில் ஒன்றையொன்று ஒத்திருக்கவும் கூடாது. ஒன்று துணியில் பாதியைப் பிடிக்கட்டும், ஒன்று கையளவு இருக்கட்டும். வடிவங்கள் விளிம்பில் முட்டி வெளியேறுவது நல்லது. எல்லாம் நடுவில் கூடினால் தட்டில் வைத்த பலகாரமாகிவிடும். தூரிகைத் தடம் மேடும் பள்ளமுமாக இருந்தால் நல்லது, அந்த மேடு பின்னால் பயன்படும். மஞ்சள் தளத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது மூடாமல் விடுங்கள்.

முழுக்கக் காயவிடுங்கள். மெல்லிய பூச்சு அரைமணியில் தொட்டால் ஒட்டாது. கெட்டியான இடங்களுக்கு ஒரு நாள் கொடுங்கள். புறங்கையால் தொட்டுப் பாருங்கள்: குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் நீர் இருக்கிறது.

மூன்றாவதுதான் இந்த முறையின் உயிர். ஒளிபுகும் பூச்சு, கிளேஸ் என்பார்கள். ஒரு பங்கு வண்ணத்துக்கு எட்டு முதல் பத்துப் பங்கு மீடியம். தாலோ நீலத்திடம் எச்சரிக்கையாக இருங்கள், மிளகளவு போட்டாலே கிண்ணம் முழுக்க நீலமாகும். அதை அகலத் தூரிகையால் இழுத்து, ஈரம் இருக்கும்போதே பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள். மஞ்சள் தளத்தின்மேல் அது பச்சையாகும், சிவப்பின்மேல் கருஞ்சிவப்பு இருட்டாகும். இந்தப் பச்சையை டியூபில் வாங்கவும் முடியாது, தட்டில் கலக்கவும் முடியாது. கீழிருந்து மஞ்சளின் வெளிச்சம் வருவதால் வரும் பச்சை இது. சிவப்பையும் பச்சையையும் ஈரத்தில் கலந்தால் சேறுதான் வரும், காய்ந்த அடுக்குகளாக வைத்தால் இரண்டும் பிழைக்கும். ஒரு கிளேஸ் போதவில்லையென்றால் அடர்த்தியைக் கூட்டாமல், காயவிட்டு அதே மெல்லிய பூச்சை இன்னொருமுறை போடுங்கள். வேகமாகக் காய்ந்து விளிம்புக் கோடு விழுந்தால், அடுத்த முறை பூசுமுன் துணியில் லேசாக நீர் தெளித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, பட்டித்தகடு. பெயிண்டர்கள் சுவருக்குப் பட்டி பார்க்க வைத்திருக்கும் பத்தங்குலத் தகடு, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். ஓவியக் கடைக் கத்தியைவிட இந்த அளவுக்கு அதுதான் லாயக்கு. டைட்டானியம் வெள்ளையில் சிறிது ஓக்கரும் துளி அல்ட்ராமரீனும் சேர்த்துக் கெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் கூடாது. தகட்டின் விளிம்பில் எடுத்து, படுத்தாற்போல் சாய்த்துப் பிடித்து, மூச்சுவிடாமல் ஒரே இழுப்பு. இரண்டாவது அடுக்கின் தூரிகை மேடுகளில் மட்டும் வெள்ளை பிடிக்கும். பள்ளங்களில் சிவப்பும் பச்சையும் அப்படியே இருக்கும். அதே இடத்தில் மறுபடி இழுத்தால் பள்ளமும் நிரம்பிவிடும், அதனால் ஒருமுறைக்குமேல் வேண்டாம். பிடிக்காவிட்டால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம், அதற்கு ஓரிரு நிமிடம்தான் அவகாசம். அந்தத் துடைப்பில் மிஞ்சும் கறையே சில சமயம் நீங்கள் தேடியதாக இருக்கும்.

இதுவரை ஏற்றியதிலிருந்து கொஞ்சம் எடுப்பது ஐந்தாவது. காய்ந்த அக்ரிலிக் தண்ணீருக்கு அசையாது, ஐசோபுரோபைல் ஆல்கஹாலுக்கு இளகும். பஞ்சில் நனைத்து ஓரிடத்தில் தேய்த்தால் மேல் அடுக்கு விலகிக் கீழ் நிறம் வரும். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், அருகில் நெருப்பு கூடாது. உப்புத்தாளை நனைத்துத் தேய்ப்பது இன்னொரு வழி. நேர்க்கோடு வேண்டும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் விளிம்பில் முதலில் தெளிவான மீடியம் ஒரு தீற்று தீற்றுங்கள். அடியில் கசிய வேண்டியது மீடியமாகவே கசிந்து அடைபட்டுவிடும், அப்புறம் பூசும் நிறம் கூர்மையாக நிற்கும்.

ஆறாவது அடுக்கு இருக்கலாம், பத்தாவதும் இருக்கலாம். கிளேஸ், தகடு, எடுப்பு மூன்றும் மாறி மாறி வரும். ஒவ்வொரு முறையும் கேள்வி ஒன்றுதான்: போன அடுக்கில் மூன்றில் ஒரு பங்காவது தெரிகிறதா?

தள்ளி நின்று பார்ப்பது

தீட்டும் நேரத்தைவிடப் பார்க்கும் நேரம் அதிகம் வேண்டும். பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நில்லுங்கள். துணியைத் தலைகீழாகத் திருப்புங்கள், பக்கவாட்டிலும் வைத்துப் பாருங்கள். கைபேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள்: முழுக்க ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நிறம் எத்தனை இருந்தும் வெளிச்சமும் இருட்டும் பிரியவில்லை என்று பொருள். அப்போது புதிய நிறம் சேர்க்காதீர்கள். ஒரு பகுதியை வெளிறவிடுங்கள் அல்லது இருட்டாக்குங்கள். ட்யூப்லைட்டில் சரியாக இருந்த சிவப்பு பகல் வெளிச்சத்தில் ஆரஞ்சாகத் தெரியக்கூடும். ஓவியம் எங்கே தொங்கப்போகிறதோ அந்த வெளிச்சத்தில் பார்த்து முடிவெடுப்பதே சரி.

கோடுகளுக்குப் பேர்போன ஓவியர் கே.எம். ஆதிமூலம் பின்னாளில் பெரிய அரூப எண்ணெய் ஓவியங்களில் நிறத்தை அடுக்கடுக்காகத் தீட்டினார். அரூப ஓவியர் வி.எஸ். கெய்டொண்டே ரோலரையும் தகட்டையும் கொண்டு நிறத்தை ஏற்றியும் வழித்தும் வேலை செய்தார். இவர்களின் படங்களை அச்சிலோ திரையிலோ பார்க்கும்போது நடுப்பகுதியை விட்டு ஓரங்களைக் கவனியுங்கள். எந்த நிறம் கடைசியாக வந்தது, எது முதலில் இருந்தது என்று அங்கேதான் பிடிபடும்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு என் அளவுகோல் ஒன்று உண்டு. அடுத்த பூச்சு எதை மூடப்போகிறது என்று கேட்டு, மூடப்படுவது மேலே வரப்போவதைவிட நன்றாக இருக்கிறது என்று தோன்றினால் தூரிகையைக் கழுவிவிடுங்கள். எல்லாம் முடிந்தபின் ஓர் உள்ளங்கை அளவுக்கு மட்டும் கலப்பில்லாத நிறம், நம் உதாரணத்தில் அல்ட்ராமரீன், நடுவிலிருந்து விலகி ஓரிடத்தில் வையுங்கள். இரண்டு இடத்தில் வைத்தால் கண் இரண்டுக்கும் நடுவில் அலையும்.

கழுவும் தண்ணீர்

தூரிகைகளை வேலை நடுவில் காயவிட்டால் அவ்வளவுதான், தண்ணீரில் வராது. கழுவிய தண்ணீரை வாய்க்காலில் ஊற்றாதீர்கள், அது ஆற்றுக்குப் போகும் பிளாஸ்டிக். ஒரு வாளியில் சேர்த்து, படிகாரமும் கொஞ்சம் சுண்ணாம்பும் போட்டுக் கலக்கி ஓரிரவு வைத்தால் வண்ணம் திரிந்து அடியில் தங்கும். மேல்நீரைத் துணியில் வடிகட்டிவிட்டு, வண்டலைக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

வார்னிஷும் வெளியூர்ப் பயணமும்

மெல்லிய அடுக்குகள் என்றால் ஒரு வாரம், தகட்டால் கெட்டியாக ஏற்றியிருந்தால் சில வாரங்கள் பொறுங்கள். பளபளப்பான மென் ஜெல்லை இரண்டுக்கு ஒரு பங்கு நீர் சேர்த்து ஒரு தடுப்புப் பூச்சு, அது காய்ந்தபின் கழற்றக்கூடிய வார்னிஷ். பின்னாளில் அழுக்கேறினால் வார்னிஷை மட்டும் எடுத்துவிடலாம், தடுப்புப் பூச்சு ஓவியத்தைக் காக்கும். பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் இருண்ட நிறங்களின்மேல் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். கிளேஸ் அதிகமுள்ள ஓவியத்துக்கு நான் பளபளப்பையோ அரைப் பளபளப்பையோதான் சொல்வேன். அடைமழை நாளில் பூசினால் ஈரம் உள்ளே சிக்கிப் புகைபோல் படியும்.

அக்ரிலிக் படலம் வெயிலில் இளகிப் பிசுபிசுக்கும். இரண்டு ஓவியத்தை முகத்தோடு முகம் வைத்துச் சித்திரை மாதம் சென்னைக்கு வண்டியில் ஏற்றினால் ஒட்டிக்கொண்டு ஒன்றையொன்று உரிக்கும். குமிழித் தாளைக் குமிழ் உட்பக்கம் படச் சுற்றினால் வட்டம் வட்டமாகத் தடம் விழும். முகத்தின்மேல் வழுவழுப்பான பாலிதீன், அதன்மேல் அட்டை, அதற்கும் வெளியேதான் குமிழித் தாள். சட்டத்தைக் கழற்றிச் சுருட்டித்தான் அனுப்ப முடியும் என்றால் எட்டங்குல பிவிசி குழாயின்மேல், தீட்டிய பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டுங்கள்.

மாட்டும் சுவர் கார்த்திகை மழையில் ஊறும் சுவரா என்று பாருங்கள், மேற்கு வெயில் நேராக விழுகிறதா என்றும் பாருங்கள். பழைய சுண்ணாம்புக் காரையில் ஒற்றை ஆணி நிற்காது. பிளக் வைத்து இரண்டு திருகு கொக்கி, ஒன்றுக்கொன்று மூன்றடி தள்ளி. சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்னால் அரையங்குல மரத்துண்டு ஒட்டிவிட்டால் துணிக்கும் சுவருக்கும் நடுவில் காற்று ஓடும்.